செங்கொடி பிடித்து முன்னே நடந்தவன்

இற்றைக்கு ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர், இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புறச் சாலையொன்றில் நின்றிருந்தால், விந்தையானதோர் ஊர்வலத்தைக் கண்டிருப்போம். முதலில் ஒரு மனிதன் சிவப்புக் கொடியொன்றைக் கையிற் பிடித்தபடி நடந்து வருவான். அவனுக்கு அறுபது கஜ தூரத்துக்குப் பின்னால் நீராவி இயந்திரமொன்று கரும்புகையைக் கக்கிக்கொண்டு, களிறுபோல அசைந்தசைந்து வரும். அவ்வியந்திரத்தின் பின்னே பாரம் ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு உருண்டு வரும். அவ்வூர்வலம் தேர்த் திருவிழாவுமன்று, கலியாணக் கோலாகலமுமன்று. அது சட்டத்தின் கட்டளை. 1865-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய சாலை இயந்திரச் சட்டம், ‘நீராவி வண்டி ஓட்டுவோர் தமக்கு முன்னே ஒருவனை நடக்க விடவேண்டும்’ என்று விதித்தது.

இதைக் கேட்போர் நகைப்பர். ஆங்கிலப் பள்ளியில் சரித்திரப் பாடத்தில் இதைப் படித்தபோது நானும் என் வகுப்புத் தோழர்களும் வயிறு குலுங்க நகைத்தோம். நடப்பவனைத் தாண்டி ஓட முடியாத வண்டிக்கு வண்டியென்று பெயர் எதற்கு? அவ்வாறுதான் அன்று எண்ணினேன். பின்னர் வயது முதிர்ந்து, தோட்டத்துக் கிராணியாக உத்தியோகம் ஏற்று, டிராக்டர்களும் லாரிகளும் தம் பின்னே பெரும் பாரத்தை இழுத்துக்கொண்டு பொதுச் சாலையில் ஏறுவதை நாள்தோறும் காணும் நிலை வந்தபோது, அப்பழைய சட்டத்தின் வாசகங்களை மீண்டும் எடுத்துப் படித்தேன். இம்முறை நகைப்பு வரவில்லை. நாம் தூக்கியெறிந்த கொடியோடு வேறொன்றையும் சேர்த்து எறிந்துவிட்டோமோ என்ற ஐயமே வந்தது. அந்த ஐயத்தை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இழுப்பதற்கென்றே பிறந்த வண்டி

மோட்டார் வண்டி என்றவுடன் பிரயாண சுகமே நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால் தன் வலிமையால் தானே நகரும் வண்டி உலகில் தோன்றியது மனிதரை உல்லாசமாக ஏற்றிச் செல்வதற்காகவன்று, பாரத்தை இழுப்பதற்காகவே. 1769-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் படைப் பொறியாளரான குன்யோ என்பவர் பீரங்கிகளை இழுத்துச் செல்லவேண்டி நீராவி வண்டியொன்றைச் செய்து ஓட்டிப் பார்த்தார். அது மனிதன் நடக்கும் வேகத்திலேயே சென்றது. சிறிது தூரம் சென்றதும் ஆவி தீர்ந்து நின்றுவிடும். மீண்டும் நீர் கொதிக்குமட்டும் காத்திருக்க வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் கோல்ட்ஸ்வொர்தி கர்னி என்பவர் நீராவிக் கோச்சு வண்டிகளைச் செய்தார். கொதிகலத்துக்கு அருகே உட்கார ஜனங்கள் அஞ்சினர். வெடித்தால் என் செய்வது? ஆகையால் கர்னி, இயந்திரத்தை முன்வண்டியாகவும், பிரயாணிகள் அமரும் பெட்டியைப் பின்வண்டியாகவும் பிரித்து, ஒன்றை மற்றொன்று இழுக்கும்படி அமைத்தார். இன்று டிரெய்லர் என்று நாம் கூறும் பின்வண்டியின் மூதாதைகளுள் அதுவும் ஒன்று. 1831-ஆம் ஆண்டில் சார்லஸ் டான்ஸ் என்பவர் கர்னியின் இயந்திரங்களைக் கொண்டு கிளாஸ்டர் நகருக்கும் செல்டனம் நகருக்குமிடையே சில மாதங்கள் பிரயாண சேவை நடத்தினார். அதனை விரும்பாதார் சாலையின் குறுக்கே கற்களைக் குவித்தனர். வண்டியின் அச்சு முறிந்தது. சுங்கச் சாவடிகள் நீராவி வண்டிக்குக் கடுமையான கட்டணம் கேட்டன. புதியது எதுவும் எளிதில் வழி பெறுவதில்லை என்பதற்கு இதுவுமோர் எடுத்துக்காட்டு.

1859-ஆம் ஆண்டில் கெண்ட் கோட்டத்து ராச்செஸ்டர் நகரத்தவரான தாமஸ் ஏவ்லிங், கதிரடிக்கும் நீராவி இயந்திரம் தன் சக்கரங்களைத் தானே சுழற்றி நகரும்படி செய்தார். அதற்கு முன் அவ்வியந்திரங்களைப் பண்ணைக்குப் பண்ணை குதிரைகளே இழுத்துச் சென்றன. பல குதிரைகளின் வேலையைச் செய்யவல்ல இயந்திரத்தைக் குதிரைகள் இழுப்பது அவருக்கு அறிவுக்கொவ்வாததாகத் தோன்றியது. அவர் வழியைப் பின்பற்றி இழுப்பு இயந்திரங்கள் பெருகின. கதிரடிக்கும் பொறியையும், மரத்தையும், கல்லையும் பின்னே கட்டிக்கொண்டு அவை சாலைகளில் ஊரத் தொடங்கின. குதிரைகள் மிரண்டன, பாலங்கள் நடுங்கின, சாலைகள் குழிந்தன. சட்டம் எழுந்தது இதனால்தான்.

1865-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது யாது?

1861-ஆம் ஆண்டின் முதற் சட்டம் வெளிச் சாலைகளில் மணிக்கு 10 மைல், ஊர்களில் 5 மைல் என வேக எல்லை வகுத்தது. நான்கே ஆண்டுகளில் அதுவும் மிகையெனக் கருதப்பட்டது. 1865-ஆம் ஆண்டுச் சட்டம் வெளியே 4 மைல், ஊருக்குள் 2 மைல் என அதனைக் குறைத்தது. இயந்திரத்தை நடத்தக் குறைந்தது மூவர் வேண்டும். இரண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் பின்னே இணைக்கப்படின் அவற்றைக் கவனிக்க மற்றொருவரும் வேண்டும். அவர்களுள் ஒருவன் அறுபது கஜத்துக்குக் குறையாமல் முன்னே சென்று, செங்கொடியைக் காட்டிக்கொண்டு நடக்கவேண்டும்.

இவ்வளவைத்தான் பாடப் புத்தகங்கள் கூறும். ஆனால் அச்சட்டம் அத்துடன் நிற்கவில்லை. கொடி பிடித்தவன் கொடியைக் காட்டினால் மட்டும் போதாது. எதிரே வரும் குதிரை வீரனையும் வண்டிக்காரனையும் எச்சரிக்கவேண்டும். அவர்கள் இயந்திரத்தைக் கடந்து செல்லத் துணை புரியவேண்டும். குதிரை கொண்டு வருபவர் எவரேனும் கையை உயர்த்தினால் இயந்திரம் அக்கணமே நிற்கவேண்டும். ஊதலை ஒலிக்கலாகாது. குதிரைகளின் கண்ணெதிரே ஆவியைப் பீறிடச் செய்யலாகாது. இரவில் முன்புறம் இருபக்கமும் இரு விளக்குகள் எரியவேண்டும். இவையனைத்துக்கும் மேலாக, மற்றவர் கடந்து செல்வதற்கு எவ்வளவு இடம் விட முடியுமோ அவ்வளவு இடத்தை இயந்திரம் ஓட்டுபவர் விட்டுக்கொடுக்கவேண்டும்.

தோழர்களே, இவ்விதிகளைச் சற்று ஊன்றிப் பாருங்கள். 4 மைல் என்பது அச்சத்தின் சின்னம். அதைக் காலம் தள்ளிவிட்டது, தள்ளியது நன்றே. ஆனால் ‘கையை உயர்த்தினால் நில், கடப்பவனுக்குத் துணை செய், இயன்றமட்டும் இடம் விடு’ என்பவை அச்சத்தின் விதிகளல்ல. அவை பண்பின் விதிகள். பெரிய பாரத்தை இழுத்துச் செல்பவன் சாலையில் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறான். அதிக ஆபத்தை உண்டாக்குகிறான். ஆதலால் மற்றவர்க்கு அதிகக் கடமைப்பட்டவனும் அவனே என்ற நீதி அவ்வாசகங்களில் அடங்கிக் கிடக்கின்றது. வல்லவனுக்கே கடமை மிகுதி என்னும் இந்நீதி சாலைக்கு மட்டுமே உரியதன்று.

அச்சட்டத்தில் குறையும் இருந்தது. அக்குறையைப் பெரும்பாலோர் கூறும் இடத்தில் நான் காணவில்லை. வேகம் குறைந்தது ஒரு குறைதான். ஆயினும் பெருங்குறை வேறு. இயந்திரத்துக்கு உடையவர் ஒருவர். அதனை ஓட்டுபவர் ஒருவர். ஆனால் பிறர்பாற் காட்டவேண்டிய மரியாதை மட்டும் சேற்றிலும் புழுதியிலும் மைல் கணக்காக நடந்த கூலியாள் ஒருவன் தலையிற் சுமத்தப்பட்டது. பண்பைக் கூலிக்கு வாங்கிவிட்டால் தமக்கு அது வேண்டியதில்லையென்று நினைப்பது மனித இயல்பு.

கொடி தாழ்ந்த கதை

1878-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அறுபது கஜத்தை இருபது கஜமாகக் குறைத்தது. கொடி கட்டாயமில்லை, அந்தந்த வட்டாரத்து அதிகாரிகள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஆனால் முன்னே ஆள் நடப்பது மட்டும் நீங்கவில்லை. பெட்ரோலால் ஓடும் சிறு மோட்டார் வண்டிகள் ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்து இறங்கியபோது அவையும் இதே சட்டத்துக்கு உட்பட்டன.

1896-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வால்டர் ஆர்னால்டு என்பவர் கெண்ட் கோட்டத்துக் கிராமமொன்றின் வழியே மணிக்கு 8 மைல் வேகத்தில் மோட்டார் வண்டி ஓட்டினார். எல்லையோ 2 மைல்; முன்னே நடக்க ஆளும் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகமாக ஓட்டிய குற்றத்துக்கு 1 ஷில்லிங் அபராதம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் தேதி லண்டனில் ஸ்படிக மாளிகைத் தோட்டத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டியில் அடிபட்டு இறந்தார். அந்நாட்டில் பெட்ரோல் மோட்டார் மோதி இறந்த முதற் பாதசாரி அவரே. இத்தகைய மரணம் இனி நேராதிருக்குமென நம்புவதாக மரண விசாரணை அதிகாரி கூறினாரென்பர். அந்நம்பிக்கை பொய்த்தது.

அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தது. 3 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள வண்டிகளுக்கு முன்னே நடப்பவன் வேண்டியதில்லை. வேகம் 14 மைல் வரை போகலாம். அதிகாரிகள் அதனை 12 ஆகக் குறைத்தனர். அன்று மோட்டார் அன்பர்கள் லண்டனிலிருந்து பிரைட்டன் நகருக்கு விடுதலை ஓட்டம் நடத்தினர். ஓட்டத்துக்கு முன் நடந்த விருந்தில் வின்சில்சி பிரபு சிவப்புக் கொடியொன்றைக் கிழித்தெறிந்தார். கரகோஷம் எழுந்தது.

அச்சட்டத்தின் ஒரு நுட்பத்தை அக்கூட்டத்தார் எத்தனைபேர் கவனித்தனரோ அறியேன். ஒரு வண்டிக்கு மேல் இழுக்கும் இயந்திரத்துக்கு இச்சலுகை கிடையாது. இழுக்கப்படுவது ஒரே வண்டியாயினும் இரண்டின் எடையும் சேர்ந்து 4 டன்னைத் தாண்டலாகாது. அதாவது, தனி வண்டி வேறு, இழுக்கும் வண்டி வேறு என்ற பாகுபாட்டைச் சட்டம் கைவிடவில்லை. கொடியைக் கிழித்தோர் கிழித்தது தனி வண்டியின் கொடியை மட்டுமே.

வேகத்தின் சக்கரம்

நீராவிக்கும் பெட்ரோலுக்கும் இரும்புச் சக்கரத்தின்மேல் நெடுந்தூரம் வேகமாக ஓட முடியாது. வேகத்தைச் சாத்தியமாக்கியது ரப்பர். ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் தாம்சன் 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார்; 1867-ஆம் ஆண்டில் கனத்த ரப்பர் பட்டை அணிந்த இழுப்பு இயந்திரத்தையும் செய்தார். 1888-ஆம் ஆண்டில் டன்லப் காற்றடைத்த டயரை மீண்டும் கண்டு வழக்கில் கொணர்ந்தார். அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரத்துக்குக் கேடில்லாமல் பால் வெட்டும் முறையைக் கண்டு, மலாயாவில் ரப்பர் நடும்படி தோட்டக்காரரைத் தூண்டினார். பின்னர் நேர்ந்தது நமக்குத் தெரிந்த கதை. கப்பலேறி வந்த நம் முன்னோர் இருள் பிரியுமுன் எழுந்து பால் வெட்டினர். உலகம் அதன்மேல் ஏறி ஓடியது. மோட்டார் வேகத்தின் சரித்திரத்தில் தமிழனுக்குப் பங்கில்லையென எவரும் கூறவியலாது. நம் பாட்டிமார் சுமந்த பால்வாளியும் அதில் உண்டு.

1903-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வேக எல்லை 20 மைல் ஆயிற்று. அதை ஒருவரும் மதிக்கவில்லை. மதிக்கப்படாத சட்டம் சட்டத்தையே இழிவுபடுத்தும் என்று கருதி, 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் சாதாரண மோட்டார் வண்டிக்கு எல்லையையே எடுத்துவிட்டது. அப்போதும் கனத்த வண்டிக்கும் பின்வண்டி இழுப்பதற்கும் எல்லைகள் நீடித்தன. எல்லை போன இடத்தை நிரப்புவதற்காக 1931-ஆம் ஆண்டில் சாலை ஒழுக்க நூல் ஒன்றை அரசாங்கம் வெளியிட்டது. விலை 1 பென்னி. பிறரைப் பற்றிய கவனத்தோடும் கருணையோடும் ஓட்டுக என்பதே அதன் அடிப்படை. முன்பு கொடி பிடித்தவனிடம் ஒப்படைத்திருந்த பண்பு, ஒரு பென்னி புத்தகமாக ஓட்டுநர் கைக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

புத்தகம் மட்டும் போதவில்லை. 1934-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் 7,000 பேருக்கு மேல் மாண்டனர். 1935-ஆம் ஆண்டில் குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் எல்லை வந்தது; புதிதாக ஓட்டுவோர் பரீட்சை கொடுப்பதும் கட்டாயமாயிற்று. பண்பு இல்லாத இடத்தில் சட்டமும், சட்டம் எட்டாத இடத்தில் பண்பும் வேண்டுமென்பதே இச்சரித்திரம் கற்பிக்கும் பாடம்.

பின்வண்டியின் குணம்

பின்வண்டிக்கு மட்டும் தனி எல்லை ஏன்? இது அதிகாரிகளின் பிடிவாதமன்று, இயற்கையின் கணக்கு. வேகம் இரட்டித்தால் ஓடும் பொருளின் ஆற்றல் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். பிரிட்டிஷ் சாலை ஒழுக்க நூலின் கணக்குப்படி, உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்குள்ள தனி மோட்டார் வண்டி 20 மைல் வேகத்தில் செல்லும்போது பிரேக்கை அழுத்தினால் 20 அடியில் நிற்கும்; 40 மைலில் 80 அடி; 60 மைலில் 180 அடி. ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலை அழுத்துமுன் வண்டி ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை. பின்னே பாரம் தொடர்ந்தால் நிற்கும் தூரம் இன்னும் நீளும்.

மற்றொன்று, வால் ஆட்டம். மாட்டு வண்டி ஓட்டிய நம் பெரியோர் முன்பாரம் பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்கினர். பின்பாரம் மிஞ்சினால் வண்டி அண்ணாந்து மாட்டின் கழுத்தை நெரிக்கும். டிரெய்லருக்கும் அதுவே நியாயம். கனத்த சாமான்கள் அச்சின் மேலும், அதற்குச் சற்று முன்னும் இருக்கவேண்டும். பின்பாரம் மிஞ்சினால் இணைப்பின்மேல் அழுத்தம் குறைந்து, பின்வண்டி பாம்புபோல் இடமும் வலமும் நெளியும். குறைந்த வேகத்தில் அந்நெளிவு தானே அடங்கும். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் அடங்காது, வளரும். அப்போது பதறிப் பிரேக்கை மிதிப்பவனும், ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்புபவனும் வண்டியைக் கவிழ்ப்பர். காலை எண்ணெய் மிதியிலிருந்து மெல்ல எடுத்து, வேகம் தானே தணியவிடுவதே வழி.

ஆகவேதான் உலகில் பல தேசங்களும் இவ்விஷயத்தில் ஒரு மனப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் மோட்டார் நெடுஞ்சாலையில் தனி மோட்டாருக்கு 70 மைல். பின்வண்டி இழுத்தால் 60. இருவழியும் ஒன்றாயுள்ள சாலையில் 50. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள மோட்டார் நெடுஞ்சாலையில் வலக்கோடித் தடத்தில் பின்வண்டியுடன் ஏறவே கூடாது. ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் பல பகுதிகளில் தனி மோட்டாருக்கு வேக எல்லையே இல்லை. அங்கும் பின்வண்டி இழுப்பவனுக்குப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இழுக்கும் வண்டிக்கு 55 மைல்.

விபத்து நேர்ந்தவுடன் ‘தலைவிதி’ என்று கூறிப் பெருமூச்செறிவது நம்மிடையே வழக்கம். பின்பாரமும், தேய்ந்த டயரும், எரியாத பின்விளக்கும் தலைவிதியல்ல. இவை கண்ணாற் காணவும் கையாற் சரிசெய்யவும் கூடியவை. விதியை நம்பியிருப்பவன் விதிகளை மறப்பான்.

மெதுவாகச் செல்பவனின் கடமை

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. இழுப்பவன் மெதுவாகச் செல்லவேண்டும் என்கிறோம். மெதுவாகச் சென்றால் பின்னால் வருவோர் வரிசையாகத் தேங்குவர். தேங்கியவர் பொறுமையிழந்து வளைவிலும் மேட்டிலும் முந்தப் பார்ப்பர். எதிரே வருபவன்மேல் மோதுவர். ‘நான் சட்டப்படி மெதுவாகச் சென்றேன், என்மேல் குற்றமில்லை’ என்று இழுப்பவன் சொல்வது நியாயமாகுமா?

ஆகாது என்பதே சட்டங்களின் கருத்து. வண்டி பெரிதாயினும், மெதுவாகச் செல்வதாயினும், நீண்ட வரிசையைத் தேக்கிவைக்காதே. கண்ணாடியை அடிக்கடி பார். பத்திரமான இடத்தில் ஒதுங்கி நின்று பின்னால் வருவோரைப் போகவிடு என்று பிரிட்டிஷ் சாலை ஒழுக்க நூல் இன்றும் கூறுகின்றது. கலிபோர்னியாவில், முந்திச் செல்வது பத்திரமல்லாத இருவழிச் சாலையில், மெதுவாகச் செல்லும் வண்டிக்குப் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஒதுங்க வசதியான இடத்தில் ஒதுங்கவேண்டுமென்பது சட்டம். மற்றவர் கடந்து செல்ல இயன்றமட்டும் இடம் விடு என்ற 1865-ஆம் ஆண்டு வாசகத்தின் பேரப்பிள்ளைகளன்றோ இவை! கொடி போயிற்று, கொடி பிடித்தவனின் கடமை போகவில்லை. அது முன்னே நடந்தவனிடமிருந்து உள்ளே அமர்ந்தவனுக்கு மாறிற்று.

முந்துபவன் வந்து நுழைய முன்னே இடைவெளி விடுதல். அவன் முந்தும்போது தான் வேகத்தைக் கூட்டாதிருத்தல். இறக்கத்தில் இறங்குமுன்பே வேகத்தைத் தணித்தல். பின்விளக்கைத் துடைத்து வைத்தல் ஆகியவை இழுப்பவனின் கடமைகள். மற்றவர்க்கும் கடமையுண்டு. பெரும் வண்டியை முந்தியவுடன் அதன் மூக்கின் முன் பாய்ந்து நுழைதல் கொலைக்கு ஒப்பாகும்; அது உங்களைப்போல் சட்டென நிற்கமுடியாது. அது திரும்புவதற்கு அகலமாக வளைகையில் உள்மூலையில் மோட்டார் சைக்கிளை நுழைக்கலாகாது. பின்வண்டியின் சக்கரம் முன்வண்டியின் தடத்திற் செல்லாது, உள்நோக்கியே வரும். மரியாதை ஒருவழிப் பாதையன்று.

நம் தோட்டத்துச் சாலையில்

1994-ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்நாட்டின் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. மோட்டார் வண்டிகள் 110 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. ஆனால் அந்நெடுஞ்சாலையை அடையுமுன் நம் மக்கள் நாள்தோறும் செல்வது தோட்டத்துச் சடக்கும், அது சேரும் சிறு சாலையுமே. செம்பனைக் குலைகளை மலையாய்க் குவித்த டிரெய்லரை டிராக்டர் இழுத்துக்கொண்டு அச்சாலையில் ஏறும். அதன் பின்னே வேலைக்குச் செல்வோர், மோட்டார் சைக்கிளில் இரு பிள்ளைகளைச் சுமந்து பள்ளிக்கு விரையும் தாய்மார், பள்ளி வேன் எல்லாம் தேங்கும்.

ஒருநாள் காலை ஆலைக்குச் செல்லும் காரியமாக நானும் அவ்வரிசையில் நின்றேன். டிராக்டர் ஓட்டியவர் எங்கள் தோட்டத்திலேயே பிறந்து நரைத்த பெரியவர். பாலத்துக்கு அப்பால் சற்று அகன்ற இடம் கண்டதும் இடப்புறம் ஒதுக்கி நிறுத்தி, கையை அசைத்து எல்லாரையும் போகவிட்டார். பின்னர் ஆலையில் அவரைக் கண்டு, “ஏனண்ணே, பழம் ஆலைக்கு நேரத்தோடு சேரவேண்டாமா?” என்றேன்.

“பழம் சாயங்காலம் வரைக்கும் தாங்கும், கிராணியாரே. பள்ளிக்கூடத்து மணி தாங்காது” என்றார்.

அவர் அந்தப் பழைய சட்டத்தைப் படித்தவரல்லர். ஆயினும் அறுபது கஜம் முன்னே நடந்த மனிதன் அவர் உள்ளத்தில் நடந்துகொண்டிருந்தான்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்று. டிராக்டர் ஓட்டுநருக்கு நடைக் கணக்கில் கூலி. அவ்வாறு ஒதுங்கி ஒதுங்கிச் சென்றதில் அன்று அவருக்கு ஒரு நடை குறைந்தது. அக்கணக்கை எழுதியவன் நான். ஒதுங்காமலும் நிற்காமலும், பிள்ளைகளைப் புழுதியில் தேக்கிவைத்து ஓட்டிய இளைஞருக்கு அன்று ஒரு நடை கூடுதல். அதையும் எழுதியவன் நான். என் பேரேட்டில் பண்புக்கு ஒரு பத்தியில்லை, அவசரத்துக்குக் கூலியுண்டு. 1865-ஆம் ஆண்டில் பண்பைக் கூலியாளின் காலில் சுமத்தினார்களென்று மேலே குறை கூறினேன். நாமோ அதனினும் ஒருபடி மேலே போய், பண்புக்கு அபராதம் விதிக்கிறோம்.

அன்று மாலை நான் செய்தது சிறிது. ஆலைப் பாதையில் நிற்க நேர்ந்த நேரத்தைக் கணக்கிட்டு, நடைக் கூலியோடு நேரக் கூலியும் சேர்க்கவேண்டுமென்று ஒரு குறிப்பெழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். விடை இன்னும் வரவில்லை. வரும்வரை மீண்டும் எழுதுவேன். ஏனெனில் சாலையில் ஓடும் வேகத்தை ஓட்டுநரின் கால் மட்டும் நிர்ணயிப்பதில்லை. அவர் கூலியைக் கணக்கிடும் பேனாவும் நிர்ணயிக்கின்றது. லாரி வைத்திருப்போரும், தோட்டம் நடத்துவோரும், என்னைப்போல் கணக்கெழுதுவோரும் இதை உணரவேண்டும். மெதுவாகச் செல்லெனக் கட்டளையிடுபவன் மெதுவாகச் செல்வதற்குரிய நேரத்தையும் கொடுக்கக் கடமைப்பட்டவன்.

பாரம் இழுப்போர்க்கு ஒரு சொல். உங்களுக்கு முன்னே இன்று கொடி பிடித்து நடப்பவர் இல்லை. அவ்விடத்தில் நீங்களே நடக்கவேண்டும். பின்னால் வருபவர்க்கு ஒரு சொல். ஒதுங்கி வழிவிடும் முதியவரைக் கண்டால் கையை உயர்த்தி ஒரு வணக்கம் சொல்லிச் செல்லுங்கள். கையை உயர்த்தினால் இயந்திரம் நிற்கவேண்டுமென்பது அன்றைய சட்டம். இன்றோ அவர் தாமே நின்றிருக்கிறார். நம் கை உயர்வது நன்றிக்காக இருக்கட்டும்.